டீ சொல்லவா, அண்ணாச்சி?

ஜூன் 5, திங்கள்

மதுரையில் ஏழரை மணி பஸ்ஸைப் பிடித்து, ஒன்பதுக்கு முன்பே விருதுநகரில் இறங்கி, ஆட்டோ வைத்துக்கொண்டு கொத்துமணி மசாலா கம்பெனி வாசலுக்குப் போனால், வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. “அண்ணாச்சி சொல்லணும்” என்றார். அண்ணாச்சி உள்ளேதான் இருந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து, என்னைப் பார்த்துக்கொண்டே பேப்பர் படித்தார். வரி விளம்பரம் வரைக்கும் படித்து முடித்த பிறகுதான் கையசைத்தார். நான் சிரித்த முகத்துடன் உள்ளே போனேன். பெரிய கம்பெனியில் இருந்தபோது இதைவிடப் பெரிய ஆட்களையெல்லாம் வழிக்குக் கொண்டுவந்திருக்கிறேன். இவர் எம்மாத்திரம்?

ஒவ்வொரு கிளையன்டுக்கும் ஒரு டைரி வைப்பது என் வழக்கம். ரிப்போர்ட்டில் எழுத முடியாததை இங்கே கொட்டிவிட்டால் ரிப்போர்ட் சுத்தமாக வரும்.

விஷயம் இதுதான். வளைகுடாவில் கடைகள் வைத்திருக்கும் ஒரு கம்பெனி இவர்களின் சாம்பார் பொடியை வாங்க நினைக்கிறது. அவர்களுடைய இன்ஸ்பெக்டர் ஜூலை 12 வருகிறார். அதற்குள் சுத்தம், தரம், சோதனை எல்லாவற்றையும் ஒழுங்குக்குக் கொண்டுவருவது என் வேலை. முதலாளி பிரதீபன், முப்பத்து மூன்று வயது. அப்பா இரண்டு வருடம் முன்பு காய்ச்சலில் போனபின் பொறுப்புக்கு வந்தவர். வேலை நன்றாக முடிந்தால் ஒரு வருடத்துக்கு என்னையே வைத்துக்கொள்வதாகச் சொல்கிறார். தனியாகத் தொழில் தொடங்கி எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. விடமாட்டேன்.

“எல்லாத்துக்கும் சித்தப்பாவைப் பாருங்க மேடம்” என்றார் பிரதீபன். சித்தப்பாதான் அந்தப் பேப்பர் படித்த அண்ணாச்சி. பெயர் தங்கையா. அறுபதைத் தாண்டியவர், பெரிய முதலாளிக்கு, அதாவது பிரதீபனின் அப்பாவுக்கு, சித்தி மகன். கம்பெனியின் உற்பத்தி முழுக்க அவர் கையில். என்ன கேட்டாலும் ஒரு பதில் வைத்திருக்கிறார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மல்லி எந்த ஊர், எலிக்கு என்ன ஏற்பாடு, எல்லாவற்றுக்கும் உடனே பதில். அதில் பாதி தப்பு. ‘எனக்குத் தெரியாது’ என்ற சொல் அவர் வாயில் வரவே வராது போலிருக்கிறது.

ஜூன் 7, புதன்

எல்லோரும் தலையில் வலைத் தொப்பி போட வேண்டும் என்று ஆறு விதிகளில் முதல் விதியாக எழுதி ஒட்டினேன். பெண்கள் எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“தலையை மூடணும், அம்புட்டுத்தானே மேடம்?”

“அம்புட்டுத்தான் அண்ணாச்சி. ஆனா துண்டு நூல் விடும்.”

“முப்பது வருசமா விடல.”

நான் வாதாடவில்லை. கஷ்டமான ஆளிடம் முதல் வாரம் தோற்க வேண்டும். அது தொழில் ரகசியம்.

இங்கே ஒரு பழக்கம் இருக்கிறது. அதற்கு ‘கை பார்ப்பது’ என்று பெயர். பொடி அரைத்து ஆறிய பிறகு அண்ணாச்சி வருவார். எல்லா மெஷினும் நிற்கும். ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்ப்பார், மூக்கருகில் கொண்டுபோவார், கண்ணை மூடுவார், நாக்கு நுனியில் வைப்பார். பிறகு “போகட்டும்” என்பார். அதற்கப்புறம்தான் பாக்கெட் போடுவார்கள். பிடிக்காவிட்டால் “நிக்கட்டும்” என்பார். அந்த டிரம்மை ஒதுக்கிவிடுவார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, கோயிலில் தீபாராதனை மாதிரி. ஆனால் ஒரு கம்பெனியின் தரம் ஒரே ஆளின் நாக்கில் நிற்பதை எந்த இன்ஸ்பெக்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

இன்று ஒரு டிரம் நின்றது. அவர் கண்ணை மூடியிருந்தபோது பக்கத்தில் நின்ற வறுவல் பகுதி ஈஸ்வரி அக்கா, “டீ சொல்லவா அண்ணாச்சி?” என்று கேட்டார். இவ்வளவு முக்கியமான நேரத்தில் டீ! அங்காளஈஸ்வரி என்று முழுப் பெயர். நல்ல வேலைக்காரர், ஆனால் டீப் பைத்தியம்.

ஜூன் 9, வெள்ளி

அவமானம். எழுதவே கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

மதியம் அண்ணாச்சி தானாகவே கூப்பிட்டார். “சாப்பிட வாங்க மேடம், வீட்டுல இருந்து இட்லி வந்திருக்கு.” பனி உருகுகிறது என்று நினைத்து உட்கார்ந்தேன். தேங்காய்ச் சட்னி ஊசிப்போயிருந்தது. மூடியைத் திறந்ததுமே புளித்த வாடை அடித்தது. அவர் என் தட்டில் தாராளமாக ஊற்றினார். “நல்லாச் சாப்பிடுங்க” என்றார். நான் திகைத்து உட்கார்ந்திருக்க, அவர் அதே சட்னியைத் தொட்டு முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் ஆறு இட்லி சாப்பிட்டார்.

என்னை அவமானப்படுத்த வேண்டும் என்பதற்காகத் தன் வயிற்றையே பணயம் வைக்கும் மனுஷனை இப்போதுதான் பார்க்கிறேன். “எனக்கு இன்னிக்கு விரதம் அண்ணாச்சி” என்று சொல்லி எழுந்துவிட்டேன். பொறுமையாகத்தான் சொன்னேன். தட்டு கொஞ்சம் சத்தமாக விழுந்தது என்று வீட்டில் என் கணவரிடம் சொல்லும்போதுதான் நினைவு வருகிறது.

இவருக்கு என் கஷ்டமெல்லாம் கதை. “விருதுநகர் வரைக்கும் போயிட்டு எண்ணெய் புரோட்டா வாங்கிட்டு வரலையா?” என்று கேட்டார்.

ஜூன் 10, சனி

சாயங்காலம் கோயம்புத்தூர் சரக்கு லாரியில் ஏறியது. நல்ல வாரக் கடைசி. வாஷிங் மெஷினை இன்று எடுக்காதே, அஷ்டமி என்று அத்தை போனில் சொன்னார். கடைக்காரரிடம் திங்கள்கிழமைக்கு மாற்றச் சொன்னேன். புரோட்டா வாங்கினேன்.

ஜூன் 14, புதன்

அண்ணாச்சி என்னை வறுவல் பகுதியில் நிறுத்திவைத்து, பெரிய முதலாளி சைக்கிளில் பொடி விற்ற காலத்திலிருந்து ஆரம்பித்தார். அவருக்குப் பின்னால் மல்லி தீய்ந்துகொண்டிருந்தது. எனக்குக் கண்ணே எரிகிறது. அவர் பாட்டுக்கு அண்ணன் கதையைச் சொல்கிறார். நான் இரண்டு முறை “அண்ணாச்சி, மல்லி…” என்றேன். “பேசிக்கிட்டு இருக்கேன்ல?” என்றார். எங்கோ மூலையில் இருந்த ஈஸ்வரி அக்கா ஓடிவந்து அடுப்பை அணைத்தார்.

சரக்கே தீய்ந்தாலும் சரி, நான் சொல்லி அவர் திரும்பிப் பார்த்தார் என்று ஆகிவிடக் கூடாதாம். இந்த அளவுக்கு வீம்பு பிடித்த மனிதர் இந்த மாவட்டத்திலேயே இருக்க மாட்டார்.

பெண்கள் மத்தியில் எனக்குப் பெயர் வைத்திருக்கிறார். ‘பரிட்சை டீச்சர்.’

ஜூன் 19, திங்கள்

பிரதீபன் ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். காபி சொன்னார். ஊர் நியாயம் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“மேடம், சித்தப்பா உங்களைப் படுத்துறது எனக்குத் தெரியும்.”

“அப்படியெல்லாம் இல்லைங்க. பெரியவங்க.”

“உங்க ரிப்போர்ட்ல ஒரு வரி இருந்தாப் போதும். இந்தப் பொறுப்புக்கு இவர் தகுதி இல்லைன்னு. நான் சொன்னா குடும்பத்துல சண்டை வரும். நீங்க சொன்னா வெளியாள் சொன்னது, படிச்சவங்க சொன்னது. என் மச்சினன் சும்மாதான் இருக்கான். அவனை உக்கார வச்சிரலாம். உங்க வருசக் கான்ட்ராக்டையும் அன்னிக்கே போட்டுருவோம்.”

நான் சிரித்துக்கொண்டே காபியைக் குடித்தேன். எந்தப் பக்கமும் சாயாத சிரிப்பு, அதற்கென்றே பழகி வைத்திருக்கிறேன். ஆனால் இது டைரி. அந்த வரி எனக்குக் கசக்கவில்லை. சட்னியை நான் இன்னும் மறக்கவில்லை.

ஜூன் 22, வியாழன்

மூன்று கிண்ணச் சோதனையை இன்று ஆரம்பித்தேன். இரண்டில் ஒரே பொடி, ஒன்றில் சற்றே வேறு பொடி. எது வேறு என்று மோந்து, ருசித்துச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக் கம்பெனிகள் எல்லாம் கேட்பது. மரியாதைக்கு அண்ணாச்சியிடம்தான் முதலில் நீட்டினேன். “நீங்க ஆரம்பிச்சு வைங்க அண்ணாச்சி.”

கிண்ணங்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தார். ஈஸ்வரி அக்கா வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். “டீயெல்லாம் அப்புறம் அக்கா. சோதனை நடக்கும்போது யாரும் பேசக் கூடாது.”

அவ்வளவுதான். தட்டோடு மூன்று கிண்ணங்களும் தரையில்.

“முப்பது வருசம் இந்தக் கை பாத்த சரக்கு இது! என்னையப் பரிட்சை எழுதச் சொல்றீங்களா? எங்க அண்ணன் இருந்தா இந்த வாசப்படியை மிதிச்சிருப்பீங்களா நீங்க?”

 அவ்வளவு கோபம். நான் குனிந்து கிண்ணங்களைப் பொறுக்கினேன்.  ஈஸ்வரி அக்கா துடைப்பத்தோடு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் கூட்டினார்.

பஸ்ஸில் வரும்போதே லேப்டாப்பைத் திறந்து அந்த வரியை எழுதிவிட்டேன். ‘உற்பத்திப் பொறுப்பாளர் திரு. தங்கையா தரச் சோதனைக்கு ஒத்துழைக்க மறுக்கிறார்; இந்தப் பொறுப்புக்கு அவர் தகுதியானவர் அல்ல.’ படித்துப் பார்த்தேன். இலக்கணப் பிழை இல்லை. மனசு குளிர்ந்தது.

ஜூன் 24, சனி

லீவு. இவருக்கு ஜலதோஷம். வீடு முழுக்கத் தும்மல். கஷாயம் வைத்துக் கொடுத்தேன். புது வாஷிங் மெஷின் சட்டையில் சாயம் ஏற்றிவிட்டது, நான் ஏற்றவில்லை.

ஜூன் 26, திங்கள்

மகளுக்கு வளைகாப்பு என்று ஈஸ்வரி அக்கா லீவு. அரைத்த சாம்பார் பொடி டிரம் டிரம்மாக ஆறிக்கிடந்தது. திருச்சி லாரி வாசலில் நின்றது. அண்ணாச்சி கை பார்க்கவே வரவில்லை. போய்க் கூப்பிட்டேன். பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கு அஷ்டமி. நான் சரக்கு விடுறதில்ல.”

“டிரைவர் காத்துக்கிட்டு இருக்கார் அண்ணாச்சி.”

“காத்துக்கிடட்டும். அண்ணன் காலத்துல இருந்து அஷ்டமியில சரக்கு வெளிய போனதில்ல.”

டிரைவர் வெறும் வண்டியைத் திருப்பினார்.  வீடு வந்து காலண்டரைப் பார்த்தால் அஷ்டமிதான். ஆனால் அதே காலண்டரில் இன்னொன்றும் தெரிந்தது. வாஷிங் மெஷினை வேண்டாம் என்று அத்தை சொன்ன அன்றும் அஷ்டமி. அன்றைக்கு என் கண் முன்னால் கோயம்புத்தூர் லாரி சரக்கு ஏற்றிக்கொண்டு போனது. அண்ணாச்சியேதான் “போகட்டும்” என்றார்.

பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. ரிப்போர்ட்டில் இன்னொரு வரி சேர்க்கலாம்.

ஜூன் 27, செவ்வாய்

வீட்டில் இவருடைய ஜலதோஷம் எனக்கு வந்துவிட்டது. காலையில் காபியை வாயில் வைத்தால் சுடுதண்ணீர். டிகாஷன் போடவில்லையா என்று சண்டைக்குப் போனேன். இவர் என் டம்ளரை வாங்கிக் குடித்துப் பார்த்து, “முதல் டிகாஷன், கும்முனு இருக்கு. உனக்குத்தான் மூக்கு போச்சு” என்றார்.

டம்ளரைக் கீழே வைத்தேன். சட்னி. மல்லி. மூன்று கிண்ணம். டீ.

ஈஸ்வரி அக்கா டீ கேட்ட போதெல்லாம் டிரம் நின்றிருக்கிறது. கேட்காதபோது போயிருக்கிறது. டீ சொல்ல ஆள் இல்லாத அன்று அஷ்டமி வந்திருக்கிறது. இத்தனை நாள் பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு, தரக் கட்டுப்பாடு என்று கார்டு அடித்து வைத்திருக்கிறேன் நான்!

கம்பெனிக்குப் போனதும் ஈஸ்வரி அக்காவைக் கிடங்குப் பக்கம் தனியாகக் கூட்டிப்போனேன். வளைகாப்பு நன்றாக நடந்ததா என்று கேட்டேன். பிறகு மெதுவாக, “நேத்து டீ சொல்ல ஆள் இல்ல. அதனாலதானே அக்கா லாரி திரும்பிப் போச்சு?” என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

“சொல்லிப்புடாதீக மேடம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“எப்ப இருந்து?”

“பெரிய முதலாளி போனாகள்ல, அதே காய்ச்சல்தான் இவுகளுக்கும். ரெண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரி. அவுக போயிட்டாக, இவுக வந்துட்டாக. வந்து மொத நா கை பாக்காக, மொகத்துல ஒண்ணும் தெரியல. மறுபடி எடுக்காக, மறுபடி மோக்காக. எனக்குப் புரிஞ்சு போச்சு. அன்னிக்கு மசாலாவுல வெந்தயம் தீஞ்சிருந்துச்சு. என்ன செய்யன்னு தெரியாம டீ சொல்லவான்னு கேட்டேன். என்னையப் பாத்தாக. நிக்கட்டும்னாக. அம்புட்டுத்தான் மேடம். இன்னிய வரைக்கும் அதப்பத்தி நாங்க ஒரு வார்த்தை பேசுனதில்ல.”

“வீட்ல தெரியுமா?”

“ஆருக்கும் தெரியாது. தெரிஞ்சா சின்னவுக ஒரு நா வச்சிருப்பாகளா? இந்தக் கைக்குத்தான ஊரே கும்பிடுது. அது போச்சுன்னா அவுக உசுரோட இருந்து என்ன செய்வாக?”

நான் மூக்கை உறிஞ்சினேன். ஜலதோஷம்தான்.

ஜூன் 28, புதன்

உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். துணி மடித்தேன். அந்த வரியை அழித்தேன்.

ஜூன் 29, வியாழன்

வரியை அழித்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. இன்ஸ்பெக்டர் வந்து கிண்ணத்தை நீட்டினால் அண்ணாச்சி மாட்டுவார். பிரதீபனிடம் சொன்னால் இன்றே மாட்டுவார். சொல்லாமல் மூடி மறைத்தால் நான் என் தொழிலுக்குத் துரோகம் செய்தவள். ஈஸ்வரி அக்காவுக்கு ஒருநாள் ஜலதோஷம் வந்தால் கொத்துமணி மசாலாவின் கதி என்ன?

வீட்டில் இவரிடம் கேட்டேன். “நீதான் எல்லாரையும் வழிக்குக் கொண்டுவருவியே” என்றார். கிண்டல். இருந்தாலும் உண்மை. கொண்டுவருவேன்.

ஜூன் 30, வெள்ளி

அண்ணாச்சியின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். “என்ன, ராஜினாமாவா?” என்றார். ஏழாவது விதியை எழுதிய தாளை முன்னால் வைத்தேன். அவர் எடுக்கவில்லை. நானே வாசித்தேன்.

“‘ருசிக் குழுவில் ஐந்து பேர் இருப்பார்கள். குழுவை நடத்தும் பொறுப்பாளர் ருசி பார்க்கக் கூடாது, எந்த நேரத்திலும், யார் கேட்டாலும்.’”

பேப்பர் மடங்கியது.

“ஏன்?”

“நீங்க பெரியவங்க அண்ணாச்சி. நீங்க முகத்தைச் சுளிச்சா அஞ்சு பேரும் சுளிப்பாங்க. நீங்க தலையாட்டினா அஞ்சு பேரும் ஆட்டுவாங்க. அப்புறம் எதுக்கு அஞ்சு பேரு? நடுவர் மைதானத்துல இறங்கி விளையாடலாமா?”

“இது வெளிநாட்டுக்காரன் போட்ட விதியா?”

“இல்ல. நான் எழுதினது. ஆனா சரியான விதி. நாளைக்கு உங்க இடத்துக்கு யார் வந்தாலும் இதுதான்.”

அவர் என்னையே பார்த்தார். நானும் பார்வையை எடுக்கவில்லை.  அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. மற்றது அவர் பாடு.

“அன்னிக்கு இட்லி சாப்பிடாம எந்திரிச்சீங்களே” என்றார் கடைசியில். “விரதம்தானா?”

 இருபது பதில் யோசித்து வைத்திருப்பேன் எந்தக் கேள்விக்கும். இதற்கு உண்மையையே சொன்னேன்.

“சட்னி கொஞ்சம் புளிச்சிருந்துச்சு அண்ணாச்சி.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.  பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தாளை இழுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தார்.

“‘யார் கேட்டாலும்’னு போட்டிருக்கீங்க. ‘முதலாளியே கேட்டாலும்’னு சேருங்க.”

சேர்த்தேன்.

ஜூலை 4, செவ்வாய்

அண்ணாச்சியை இனிக் கையில் பிடிக்க முடியாது. ருசிக் குழுவைப் பள்ளிக்கூடம் மாதிரி நடத்துகிறார். ஈஸ்வரி அக்காவும் இன்னும் நான்கு பெண்களும். ஒருவர் பதிலை ஒருவர் பார்க்கக் கூடாது, வெற்றிலை போட்டுக்கொண்டு வரக் கூடாது, மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வரக் கூடாது. பூ வாசம் மூக்கைக் கெடுக்குமாம். இது என் விதிகளில் இல்லை, அவராகச் சேர்த்தது. நல்ல விதி. எழுதிக்கொண்டேன்.

மூன்று பேராவது குறை சொன்னால் டிரம் நிற்கும். இன்று ஒன்று நின்றது. “நிக்கட்டும்” என்று அவர்தான் சொன்னார், அதே குரலில். பெண்கள் முகத்தில் மரியாதை துளியும் குறையவில்லை. ஈஸ்வரி அக்கா தப்பாகச் சொன்ன கிண்ணத்தைக்கூட வள்ளியம்மாள் என்ற சின்னப் பெண் சரியாகப் பிடித்தாள். இரண்டு வருடம் தனியாளாகச் சுமந்த ஈஸ்வரி அக்கா அதைப் பார்த்து விட்ட பெருமூச்சு எனக்கு எதிர்ச் சுவர் வரை கேட்டது.

தலையில் வலைத் தொப்பி. அண்ணாச்சியாகவே போட்டுக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஜூலை 6, வியாழன்

பிரதீபன் ரிப்போர்ட்டின் பிரதியைப் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார்.

“நான் சொன்ன வரி வரலையே மேடம்.”

“ஒரே ஆளோட நாக்கை நம்பி ஒரு கம்பெனி ஓடக் கூடாது. அதை எழுதியிருக்கேன். அப்படி ஓடவிட்டது நிர்வாகத்தோட தப்பு. அதையும் எழுதியிருக்கேன். இப்ப சரி பண்ணியாச்சு.”

“சித்தப்பாவைப் பத்தி?”

“குழுவை அவரை மாதிரி நடத்த ஆள் கிடைக்காது. அதுவும் இருக்கு, பதினோராம் பக்கம்.”

ரிப்போர்ட்டை மூடினார். முகத்தில் சிரிப்பு இருந்தது, பேச்சில் இல்லை. “வருசக் கான்ட்ராக்டை அப்புறம் பாத்துக்கலாம்” என்றார்.

பஸ்ஸில் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன்.  இறங்கும்போது கணக்கை விட்டுவிட்டேன். எனக்கு வேறு கிளையன்ட் கிடைப்பார்கள். அண்ணாச்சிக்கு வேறு பெயர் கிடைக்காது.

ஜூலை 12, புதன்

வந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஹம்சா, பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாகப் பேசினார். அதிகம் சிரிக்காதவர். எலிப்பொறி முதல் கழிவறைச் சோப்பு வரை பார்த்தார். என் ஆறு விதிகளும் தேறின. மதியத்துக்கு மேல் ருசி அறை. ஐந்து பெண்கள், ஐந்து தடுப்பு, கிண்ணங்கள். ஹம்சா தன் பையிலிருந்து பழைய மிளகாய் கலந்த பொடியை எடுத்து ஒரு கிண்ணத்தில் மாற்றி வைத்தார். நான்கு பேர் பிடித்துவிட்டார்கள். அவர் எழுதிக்கொண்டார்.

முடிந்தது என்று நான் மூச்சு விட்டபோது பிரதீபன் முன்னால் வந்தார். மச்சினனும் கூட. கையில் ஒரு கிண்ணம்.

“சார், எங்க சித்தப்பா கை பாத்தாத்தான் சரக்கு வெளிய போகும். அது எங்க குடும்பப் பெருமை. சித்தப்பா, சாருக்கு ஒரு தடவை பாத்துக் காமிங்க. இது நல்லதா கெட்டதா, சொல்லுங்க.”

பிரதீபனுக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. என் வரி கிடைக்கவில்லை என்றதும் நேரடியாகவே இறங்கிவிட்டார்.  கன்சல்டன்ட் குறுக்கே பேசினால் எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிடும். ஈஸ்வரி அக்காவின் உதடு அசைந்தது. டீ என்ற எழுத்தை என் கண்ணாலேயே படித்தேன். சத்தம் வரவில்லை.

அண்ணாச்சி கிண்ணத்தை வாங்கினார். வாங்கி, மேஜைமேல் வைத்தார். வலைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“தம்பி, அந்தச் சுவத்துல ஏழாவது விதியைக் கொஞ்சம் சத்தமா வாசிங்க.”

பிரதீபன் வாசிக்கவில்லை. ஹம்சா எழுந்துபோய்த் தமிழை எழுத்துக் கூட்டி வாசித்தார். “‘…எந்த நேரத்திலும், யார் கேட்டாலும், முதலாளியே கேட்டாலும்.’”

“கேட்டுக்கிட்டீங்களா?” என்றார் அண்ணாச்சி. “உங்க அப்பா இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். முதலாளி நீங்களே விதியை மீறுனா, இந்தா நிக்கிற பிள்ளைங்க நாளைக்கு எதை மதிக்கும்?”

ஹம்சா அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தார். “நான் பார்த்த கம்பெனிகள்ல எல்லாம் முதலாளி சொன்னா விதி மாறும். இங்க மாறல. யார் எழுதினது இது?”

“நாங்கதான் எழுதுனோம்” என்றார் அண்ணாச்சி, கூசாமல்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிரிப்பை அடக்கியதில் வயிறு வலித்தது. அறுபது வயசு ஆளிடம் என் விதியைப் பறிகொடுத்துவிட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டது நானாகத்தான் இருப்பேன்.

தேறிவிட்டார்கள்.

ஜூலை 14, வெள்ளி

கடைசி நாள். பிரதீபன் பொன்னாடை போர்த்தினார், தர வேண்டிய பணத்தைப் பேசியபடி கொடுத்தார், வருடக் கான்ட்ராக்டைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கோபம் இல்லை என்று எழுத ஆசை. கொஞ்சம் இருக்கிறது.

பெண்கள் எல்லோரும் சேர்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். ஈஸ்வரி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பேரன் பிறந்தால் சொல்வாராம்.

அண்ணாச்சி கேட் வரை நடந்து வந்தார். முதல் நாள் என்னைக் காக்க வைத்த அதே கேட். வாட்ச்மேனைக் கூப்பிட்டு, “இவுக எப்ப வந்தாலும் என்னையக் கேக்காத, தொறந்து விடு” என்றார். துணிப்பையில் ஒரு பாட்டில் கொடுத்தார்.

“இட்லிப் பொடி. நானே வறுத்து நானே கலந்தது. ஈஸ்வரியைக்கூட கிட்ட விடல.”

ஜூலை 15, சனி

இன்று காலை இட்லி. நல்லெண்ணெய் ஊற்றி அண்ணாச்சியின் பொடியைக் குழைத்தேன். ஒரு வாய்தான். பெருங்காயம் உச்சந்தலையில் ஏறியது. இவர் தண்ணீர் செம்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார். “மருந்துக் கடையில வாங்கினியா?” என்கிறார்.

பதினோரு மணிக்குப் போன் வந்தது. இந்த ஆறு வாரத்தில் அவராக என்னை அழைத்தது இதுதான் முதல் தடவை. பின்னால் மில் ஓடும் சத்தம்.

“சாப்பிட்டீங்களாம்மா?”

மேடம் இல்லை. அம்மா.

“சாப்பிட்டேன் அண்ணாச்சி. பொடி ரொம்ப…”

நன்றாக இருந்தது என்ற வார்த்தை நாக்கு வரை வந்துவிட்டது. பெரியவர், பரிசு கொடுத்தவர், அதைச் சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்? இதுபோல் ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறேன், அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அவர் குறுக்கிட்டார்.

“பெருங்காயம் சரியா இருந்துச்சா? எனக்குத் தெரியாதும்மா. நீங்க சொன்னாத்தான் உண்டு.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை எழுதிவிடுகிறேன், இந்தத் தடவை ஜலதோஷம் இல்லை.

“கூடிப்போச்சு அண்ணாச்சி” என்றேன். “ரொம்பவே கூடிப்போச்சு. ஒரு வாய்க்கு மேல இறங்கல.”

 அந்தப் பக்கம் சிரிப்பு. அந்த மனிதர் இப்படிச் சிரிப்பார் என்று எனக்குத் தெரியாது. போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, மெஷின் சத்தத்துக்கு மேலே கத்துவது கேட்டது.

“ஏ ஈஸ்வரி! டீ சொல்லு!”